அறுபதாவது லெவல்

ஜூன் 11

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, கெப்பாசிட்டர் போய்விட்டது, மதியம் வாங்கி வந்து மாட்டுகிறேன் என்று போனார். மாலை வரை ஆளைக் காணவில்லை. பக்கத்து வீட்டில் நான்கு குடம் வாங்கி ஒப்பேற்றினேன்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் அந்த வீடியோ வந்தது. இன்பநாதன் என்று ஒருவர். தமிழில் வீடியோ கேம்களைப் பற்றி மட்டும் பேசும் சேனல் வைத்திருக்கிறார். ‘பெரிய கம்பெனி எதுவும் செய்யாத, ஆனால் கட்டாயம் விளையாட வேண்டிய பத்துப் புதிர் கேம்கள்’ என்று ஒரு பட்டியல். மூன்றாவது இடத்தில் ‘மதகு’.

நான் செய்த மதகு. ஒரு வாய்க்கால், சில வயல்கள், சில மதகுகள். எதை எப்போது திறப்பது, எதை மூடுவது என்பதுதான் ஆட்டம். ஓடிய தண்ணீர் திரும்பாது. எல்லா வயலும் நனைந்தால் அடுத்த லெவல். மொத்தம் அறுபது.

அவர் ஒன்பது நிமிடம் பேசினார். அதில் பாதி அறுபதாவது லெவலைப் பற்றி. அதில் தண்ணீர் போதாது. எப்படித் திறந்தாலும் ஒரு வயல் காயும். விளையாடுபவர் அதுவரை முதலில் நனைத்துப் பழகிய தன் சொந்த வயலைக் காயவிட்டால்தான் ஆட்டம் முடியும். “அது புரிஞ்சதும் போனைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்” என்றார். கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் எங்கள் பூனை உளுந்தின் பெயர் இருப்பதைச் சொல்லிச் சிரித்தார்.

“பாளையங்கோட்டையில ஒரே ஒரு பெண், தனியாளா உருவாக்குனது” என்று முடித்தார். தனியாளாக என்பது மட்டும் சரியில்லை. எழுதித் திருத்தச் சொல்லலாம். இவ்வளவு பாராட்டியவரிடம் போய்த் தப்புக் கண்டுபிடித்தால் நன்றாகவா இருக்கும்? சின்ன விஷயம்.

இவர் வங்கியிலிருந்து வந்ததும் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். (வீட்டுக்காரரைச் சங்கரலிங்கம் என்று பெயரெழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது. இவர் என்றே எழுதுகிறேன்.)

ஜூன் 14

மோட்டார் சரியாகிவிட்டது. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 18

இன்பநாதனுக்குப் பேட்டி கொடுத்தேன். காலை பதினொரு மணிக்கு, வீடியோ அழைப்பில். பின்னால் துணிக்கொடி தெரிகிறதென்று நாற்காலியை மூன்று முறை மாற்றிப் போட்டேன். நல்ல மனிதர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

அறுபதாவது லெவல் யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். ஏதோ சொன்னேன்.

ஜூன் 21

பேட்டி வெளிவந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். நடுவில் நிறுத்தினார்.

“தாமிரபரணிக் கரையில உக்காந்திருக்கும்போது தோணுச்சுன்னு சொல்லுத. நீ எப்போ ஆத்துக்குப் போன?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பியூலா பேர ஒரு எடத்துலகூடச் சொல்லலையே.”

“அவர் கேக்கல. கேட்டாத்தான சொல்ல முடியும்?”

இவர் ரசம் ஊற்றிக்கொண்டார். ரசத்தில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டேன், இவர் சாப்பிட்டு முடிப்பதற்குள்.

ஜூன் 27

வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். சின்னச் சின்னக் கேம்களை எடுத்து, டிவியில் இணைத்து விளையாடும் கருவிகளுக்கு மாற்றி வெளியிடும் நிறுவனம். ஆனெட் என்ற பெண் எழுதியிருக்கிறார். மதகை இந்த ஆண்டே வெளியிட விரும்புகிறார்களாம். ஏழு மொழிகளில்.

மூன்று முறை படித்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன். மடித்து முடித்துவிட்டு நான்காவது முறை படித்தேன். காலையெல்லாம் மருந்துக்கடை மென்பொருளில் வேலை. சம்பளத்துக்கு அதுதான். ஒரு பிழையைச் சரிசெய்யப் போய் இரண்டு பிழைகளை உண்டாக்கினேன்.

ஜூலை 1

ஒப்பந்தம் வந்தது. பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த விளையாட்டின் உருவாக்கத்தில் வேறு யாருக்காவது பங்கு உண்டா? உண்டென்றால் அவர்கள் பெயரும், என்ன செய்தார்கள் என்பதும், அவர்கள் கையெழுத்தும் வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும்.

இசைக்கும் எழுத்துருவுக்கும் பெயர்களைப் போட்டுவிட்டேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஜூலை 3

பியூலாவைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை.

கல்லூரியில் என் வகுப்பு. படித்து முடித்து ஆளுக்கொரு வேலையில் ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு, இருவரும் சேர்ந்து ஒரு கேம் செய்வோம் என்று ஆரம்பித்தோம். மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. வாரத்தில் மூன்று சாயங்காலம். நான் கணினியில் நிரல் எழுதுவேன், அவள் கட்டம் போட்ட தாளில் லெவல் வரைவாள். பென்சிலும் நீல ஸ்கெட்சும். வரைந்ததை என் முன் வைத்துவிட்டு, நான் முடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நான் திணறினால் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் ஜனவரியில் அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அவள் அறைக்கு வருவது நின்றது. பிறகு சொந்த ஊரான நாசரேத்துக்கே போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பதாகக் கேள்வி.

மீதி வேலையை நான் முடித்தேன். நவம்பரில் வெளியிட்டேன். ஆறு மாதம் தனியாகத்தான் உட்கார்ந்தேன். அதுவும் உண்மைதானே.

ஜூலை 4

சில லெவல்கள் அவளுடையவை.

ஜூலை 5

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து நான்கு.

என்னுடையவை பதினாறு. விளையாடியவர்கள் சலிப்பாக இருக்கிறது என்று எழுதுபவை எல்லாம் அந்தப் பதினாறில்தான் இருக்கின்றன.

ஜூலை 8

ஆனெட் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் வேண்டுமாம்.

ஒரு கடிதம் தயாரித்தேன். ஆங்கிலத்தில், ஒரே பக்கம். சம்பிரதாயமான கடிதம்தான். பியூலாவைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, எப்படியும் ஒரு தடவை போய் வர வேண்டும். போகும்போது பையில் இருக்கட்டும்.

ஜூலை 12

நாசரேத் போய் வந்தேன். திருச்செந்தூர் பாசஞ்சரில். வண்டி செய்துங்கநல்லூரில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. அல்வா வாங்கிப் போயிருந்தேன். மடியில் வைத்திருந்ததில் நெய் கசிந்து சேலையில் கறை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கணக்கு டீச்சர் வீடு என்றதும் காட்டினார்கள். பியூலா கதவைத் திறந்துவிட்டு ஒரு நொடி அப்படியே நின்றாள். மெலிந்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள்.

“ஏட்டி வடிவு. உள்ள வா, வெயில்ல நிக்க.”

சுவரில் அவள் அம்மா படம். நான் அந்தப் பக்கம் முதுகு வருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். வேண்டுமென்று இல்லை, அதுதான் மின்விசிறிக்கு நேரே இருந்தது.

சோறு போட்டாள். மாங்காய் ஊறுகாய் நன்றாயிருந்தது, சொன்னேன். ரயில் தாமதத்தைச் சொன்னேன். இவரைப் பற்றி, உளுந்து இரண்டு குட்டி போட்டதைப் பற்றி. அவள் பள்ளியைப் பற்றிச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளாம். இரண்டு பேரும் மதகு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

புறப்படும் நேரத்துக்குத்தான் கடிதத்தை எடுத்தேன். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கேம் சம்பந்தமா ஒரு கையெழுத்து வேணும்ங்காங்க” என்று மேசையில் வைத்துவிட்டு, ஊறுகாய் வாசனை போகாத கையை மறுபடி கழுவப் பின்கட்டுக்குப் போனேன். வந்து பார்த்தால் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கடிதத்தை இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினாள்.

“நாலு பத்துக்கு வண்டி. இப்போ கெளம்புனா சரியா இருக்கும்” என்றாள்.

நல்லபடியாக முடிந்தது.

ஜூலை 13

ஸ்கேன் செய்ய ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். இன்று ஞாயிறு.

ஜூலை 14

கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

ஜூலை 15

கூட்டமில்லை. வாசல் வரை போனேன். மேலே நாங்கள் இருந்த அறையில் இப்போது டைப்ரைட்டிங் வகுப்பு நடக்கிறது. கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 17

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். ‘மதகு என்ற விளையாட்டின் உருவாக்கத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. எக்காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன்.’

ஆனெட் இப்படி ஒரு கடிதத்தைக் கேட்கவில்லை. பங்கு இருந்தால் பெயரைச் சொல் என்றுதான் கேட்டார். இது நானாக எழுதியது.

ஜூலை 18

இன்று ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். முகம் தெரியாதவர். தன் அம்மா இறந்து மூன்று மாதமாகிறதாம். மகனின் போனில் அறுபதாவது லெவலை விளையாடியபோது முதன்முறையாக வாய்விட்டு அழுதாராம். ‘உங்கள் அம்மாவை மனதில் வைத்துத்தான் இதைச் செய்தீர்கள் என்று நினைக்கிறேன். பொத்திப் பொத்தி வைத்திருந்ததை வெளியே எடுத்துவிட்டீர்கள். நன்றி, சகோதரி.’

என் அம்மா தென்காசியில் நல்ல சுகமாக இருக்கிறாள். நேற்றுதான் முருங்கைக்காய் கொடுத்தனுப்பினாள்.

இனி எழுதாமல் இருக்க முடியாது.

போன வருடம் மார்ச் 9 அன்று பியூலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தாள். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஸ்கேல் இல்லாமல் கோடு போட்டு வரைந்த ஒரு லெவல். கீழே ‘இதுதான் கடைசி லெவல், மாத்தாத’ என்று எழுதியிருந்தாள். முடித்துப் பார்க்க எனக்கு இரண்டு நாளாயிற்று. முடித்ததும் நாங்கள் செய்ததிலேயே அதுதான் உயர்ந்தது என்று உடனே தெரிந்தது.

மார்ச் 13 அன்று இன்னொரு செய்தி. ‘அம்மா போயிட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம்.’

பெங்களூரில் ஒரு கண்காட்சியில் எங்கள் கேமைக் காட்ட இடம் கிடைத்திருந்தது. அதனால்தான் போக முடியவில்லை என்று இவரிடம் சொன்னேன். எனக்கே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெங்களூர் ரயில் பதினைந்தாம் தேதி சாயங்காலம்தான். நாசரேத் ஒன்றரை மணி நேரத் தூரம். போய்விட்டு வந்திருக்கலாம்.

பதினான்காம் தேதி முழுக்க நான் வீட்டில் இருந்தேன். கண்காட்சியில் காட்டுவதற்காக அந்த லெவலுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து வந்து பேசலாம் என்றிருந்தேன். வந்த பிறகு, இத்தனை நாள் கழித்து என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ள இன்னும் கஷ்டமாயிற்று. மே மாதம் ‘எப்போ திரும்ப ஆரம்பிக்கலாம்?’ என்று அவளே கேட்டாள். அதற்கும் பதில் போடவில்லை. நவம்பரில் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது அவள் பெயரை எழுதினேன். எழுதிய பிறகு, பெயரைப் போட்டால் அவளிடம் பேச வேண்டுமே என்று தோன்றியது. அழித்துவிட்டேன்.

அவள் திறமையைத் திருடுவதற்காகச் செய்யவில்லை. ஒரு போன் பேசுவதற்குப் பயந்து செய்தேன். எது மோசம் என்று தெரியவில்லை.

ஜூலை 20

இவரிடம் சொன்னேன். காலை காப்பி குடிக்கும்போது, எல்லாவற்றையும், கடிதம் உள்பட. திட்டுவார் என்று நினைத்தேன்.

“அந்தப் பொண்ணு நம்ம கல்யாணத்துக்கு வந்து மூணு நாள் வீட்ல வேல பாத்தாளே வடிவு” என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, “ஸ்டேஷன்ல விடுதேன், வா” என்றார்.

பியூலா வாசலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இந்த முறை உள்ளே வா என்று சொல்லவில்லை. நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். கடிதத்தை எடுத்து வைத்தேன்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியாது. நான் சொல்லாம கையெழுத்து வாங்கிட்டேன்.”

“தெரியும்” என்றாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ கை கழுவப் போனேல்லா, அப்போ வாசிச்சேன். ரெண்டு தடவ வாசிச்சேன்.”

“பொறவு ஏன் போட்ட?”

ஒரு தாளில் மதிப்பெண் போட்டு, கீழே வைத்து, அடுத்ததை எடுத்தாள். பிறகு அதையும் வைத்துவிட்டாள்.

“அம்மாவப் பத்தி ஒரு வார்த்த கேப்பன்னு பாத்தேன். சோறு போடும்போது பாத்தேன். மோர் ஊத்தும்போது பாத்தேன். ஊறுகா நல்லாருக்குன்ன. ரயிலு லேட்டுன்ன. பூனைக் குட்டி போட்டதச் சொன்ன. கடைசியில இந்தத் தாள எடுத்த. சரி, இவளுக்கு இதுதான் வேணும்னா குடுத்து அனுப்பிருவோம்னு போட்டேன். நீ எங்க வீட்ட விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத வடிவு. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும். இப்போ என்னால அது முடியாது.”

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நிறுத்தினேன்.

கேம் வெளியான அன்றே வாங்கினாளாம். நான்கு நாளில் முடித்தாளாம். “கடைசியில பேரு ஓடிச்சுல்ல. என் பேரு வரல. வேகமாப் போகுதோ, நாந்தான் பாக்காம விட்டுட்டனோன்னு மறுபடியும் ஓட விட்டேன். மூணு தடவ. பூனை பேரு மட்டும் ஒவ்வொரு தடவயும் வந்துச்சு.”

மன்னிச்சிரு என்று சொன்னேன். அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

பிறகு நான் கேட்டேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை.

“அம்மா கடைசியில எப்படி இருந்தாங்க?”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “வார்டுல நாலு பெட்டு. நான் ஒரு பிளாஸ்க்குல கஞ்சி கொண்டு போவேன். அம்மா மத்த மூணு பேருக்கும் ஊத்தச் சொல்லுவாங்க. அவங்களுக்கு யாரும் கொண்டுவர்றது இல்ல. கடைசியில அம்மாவுக்கு இருக்காது. எனக்கு வேண்டாம், வயிறு நெறஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. நானும் அளவ மாத்தி மாத்தி ஊத்திப் பாப்பேன். பெரிய பிளாஸ்க்கு வாங்குனா இன்னொரு வார்டுக்குப் போய்க் குடுக்கச் சொன்னாங்க. எப்படி ஊத்துனாலும் அவங்களுக்கு வராது. ஒரு நாளு அவங்க தூங்கும்போது பக்கத்துல உக்காந்து அத வரஞ்சேன்.”

அந்த லெவல் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் ஆற்றங்கரைக் கதை சொன்னேன்.

“நான் என்ன செய்யணும்?” என்றேன்.

“பேரு போடு. பெருசா வேண்டாம். எந்தெந்த லெவல் நான் வரஞ்சதோ அத நம்பரோட போடு. அறுபதாவதுக்குப் பக்கத்துல அம்மா பேரு. எஸ்தர் கனகமணி. அப்புறம் அந்த ஆத்தங்கரைப் பேட்டி. அத நீயே போய்ச் சொல்லித் திருத்து. நான் வந்து யார்ட்டயும் பேச மாட்டேன்.”

கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். “நீ எழுதுனது. நீயே வச்சுக்க” என்றாள்.

எழுந்து வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

“நாப்பத்தொண்ணாவது லெவல்ல ஓட்ட இருக்கு. மூணாவது மதகத் தெறக்காமலே முடிச்சிரலாம். நான் அப்படி வரையல. நீ ஒரு வயல எடது பக்கம் நவுத்திட்ட.”

“ஸ்க்ரீன்ல அடங்கல. அதான் ஒரு கட்டம்...”

“எங்கிட்டக் கேட்டிருக்கணும்ல? பேரு இல்லன்னு பாத்தப்போகூட அவ்வளவு கோவம் வரல. அதப் பாத்ததும் போனத் தூக்கிக் கட்டில்ல போட்டேன்.”

ஜூலை 21

ஆனெட்டுக்கு எழுதினேன். நாற்பத்து நான்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்று வரிதான் விளக்கம். விளக்கம் நீள நீள என்னை நானே காப்பாற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது, அதனால் வெட்டிவிட்டேன்.

இன்பநாதனைப் போனில் அழைத்தேன். முழுதும் கேட்டார். “ஏங்க இப்படி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் முன் மறுபடி கேமராவில் உட்கார ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 26

வீடியோ வெளிவந்தது. ஆறு நிமிடம். துணிக்கொடி தெரிந்தது, நாற்காலியை மாற்றவில்லை.

கீழே எழுதியிருப்பவற்றை முதலில் படித்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். திருடி என்று நிறையப் பேர். நேர்மையாக ஒப்புக்கொண்டாள் என்று பாராட்டியவர்கள் சிலர். அந்தப் பாராட்டுத்தான் அதிகம் கூசியது. ஈரோட்டுப் பெண்ணுக்குத் தனியாக எழுதி, எஸ்தர் கனகமணி யார் என்று சொன்னேன். அவர் பதில் எழுதவில்லை.

ஆகஸ்ட் 2

ஆனெட்டின் பதில். மரியாதையான கடிதம். உரிமை விவரங்களை அவர்கள் வழக்கறிஞர்கள் முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம். இந்த ஆண்டுக்கான இடத்தை வேறொரு கேமுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, இருவரும் சேர்ந்து விரும்பினால், பேசலாமாம்.

பியூலாவுக்கு அப்படியே அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. பதில் இல்லை.

இட்லிப் பானை அடி பிடித்துவிட்டது. தேய்த்துத் தேய்த்துக் கை எரிகிறது.

ஆகஸ்ட் 9

புதிய பதிப்பு வெளியாயிற்று. பெயர்கள் ஓடுவதை இவரும் நானும் பார்த்தோம். நிதானமாக ஓடும்படி மாற்றியிருந்தேன். பியூலா ஞானசெல்வி, அவள் லெவல்களின் எண்கள், அவள் அம்மா பெயர். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 15

பியூலாவிடமிருந்து ஒன்றுமில்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். தினமும் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 26

மதியம் மருந்துக்கடை வேலையில் இருக்கும்போது ஒரு படம் வந்தது. கட்டம் போட்ட தாள், பென்சில், நீல ஸ்கெட்ச். மேலே ‘41’ என்று மட்டும். வணக்கம் இல்லை, எப்படி இருக்க இல்லை.

நான் நகர்த்திய வயலைப் பழைய இடத்தில் வைத்திருப்பாள் என்று பார்த்தால், முழுக்கப் புதிதாக வரைந்திருக்கிறாள். ஐந்து மதகு, ஒன்பது வயல். திரையில் சரியாக அடங்குகிறது. ஒரு கட்டம்கூட மாற்றாமல் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 29

என்னால் முடிக்க முடியவில்லை. எட்டு வயல் நனைகிறது, ஒன்பதாவது காய்கிறது. அதை நனைத்தால் நான்காவது காய்கிறது. இவரும் முயன்று பார்த்துவிட்டு, “இது ஆவாது” என்று எழுந்துவிட்டார்.

கணினியையே எல்லா வழிகளையும் சோதிக்கச் சொல்லும் நிரல் என்னிடம் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. அதை ஓட்ட மனம் வரவில்லை.

செப்டம்பர் 1

ஆறு நாளாயிற்று. பள்ளியில் சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம், தட்டுகள் சத்தம்.

“பியூலா, நாந்தான். நாப்பத்தொண்ணு முடியல.”

நானே தொடர்ந்தேன்.

“ஏத்திட்டேன். நீ வரஞ்சபடியே இருக்கு. ஆனா முடிச்சுப் பாக்காம வெளிய விட முடியாதுல்ல. ஒரே ஒரு க்ளூ மட்டும் குடு.”

“எத்தன நாளாப் பாக்க?”

“ஆறு நாளு.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“சொல்ல மாட்டேன்” என்றாள். “உக்காந்து யோசி.”

வைப்பதற்கு முன் சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் யாராவது சிரித்திருக்கலாம்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முதல் மதகிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.